துருப்பிடித்த சேசிஸும் எஃப்.சி. சோதனையும்: எதைச் சரிசெய்யலாம், எதைச் சரிசெய்ததாகக் காட்டக் கூடாது

லாரி உரிமையாளர்களிடையே சில ஆண்டுகளாகவே எஃப்.சி. எனப்படும் வாகனத் தகுதிச் சான்று பற்றிய பேச்சு ஓயவில்லை. தகுதிச் சோதனையைத் தானியங்கி நிலையங்களுக்கு மாற்றும் மத்திய விதிகள் 2021 செப்டம்பரில் வெளியாயின. கனரக வாகனங்களுக்கு அது கட்டாயமாகும் தேதி முதலில் 2023 ஏப்ரல் 1 என்று குறிக்கப்பட்டுப் பின்னர் 2024 அக்டோபர் 1-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. 2025 நவம்பரில் வந்த அறிவிக்கை பழைய வண்டிகளுக்கான கட்டணத்தை உயர்த்தி, 20 ஆண்டுகளைத் தாண்டிய கனரக லாரிக்கு 25,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. இவ்வளவு பணம் கட்டி நிறுத்துகிற வண்டி முதல் தடவையிலேயே தேறிவிட வேண்டும் என்ற கவலை இயல்பானது. அதனால்தான், சேசிஸில் துரு ஏறிய வண்டிக்குத் தகடு வைத்து வெல்டிங் அடித்தால் எஃப்.சி. கிடைத்துவிடுமா என்ற கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது.

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வண்டி சோதனையில் தேறுமா என்பது ஒன்று, அடுத்த எஃப்.சி. வரை சுமையைத் தாங்குமா என்பது மற்றொன்று. தானியங்கி நிலையத்தில் பிரேக், புகை, முகப்பு விளக்கு, சக்கரப் பக்கச் சறுக்கல், ஸ்டீயரிங் ஆட்டம் போன்றவற்றை இயந்திரம் அளக்கிறது. சேசிஸ் இரும்பின் தடிமனை அங்கே எந்த இயந்திரமும் அளப்பதில்லை. அது கண்பார்வைச் சோதனைக்கு விடப்பட்ட பகுதி. ஆகவே முதல் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் கிடைத்த வண்டிக்கு இரண்டாவது கேள்வியில் 'இல்லை' என்ற பதில் இருப்பது முற்றிலும் சாத்தியம்.

சேசிஸ் என்பது எந்தப் பகுதி

லாரியின் சேசிஸ் ஏணி வடிவச் சட்டகம். முன்னிருந்து பின்வரை ஓடும் இரண்டு நெடுக்குச் சட்டங்களும், அவற்றை இணைக்கும் கிராஸ் மெம்பர்களும் சேர்ந்தது அது. நெடுக்குச் சட்டத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில 'சி' எழுத்தைப் போலத் தெரியும்: செங்குத்தாக நிற்கும் நடுச்சுவர், மேலே ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு. கமான் பட்டைகளைத் (லீஃப் ஸ்பிரிங்) தாங்கும் பிராக்கெட்டுகள், எஞ்சின் தாங்கிகள், ஸ்டீயரிங் பெட்டி, டீசல் டேங்க், பேட்டரி பெட்டி எல்லாம் இந்தச் சட்டத்தில்தான் ரிவெட்டாலோ போல்ட்டாலோ பிடிக்கப்பட்டிருக்கும். கனமான சுமைக்கான வண்டிகளில் வெளிச்சட்டத்துக்குள் இன்னொரு 'சி' சட்டம் பொருத்தி இரட்டையாக்கியிருப்பார்கள். துரு விஷயத்தில் அதிகத் தொல்லை தருவது இந்த இரட்டைச் சட்டம்தான்.

நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் கட்டப்படும் பாடி இந்தச் சட்டத்தின் மேல் மடிப்பில் நேரடியாக உட்காருவதில்லை. இடையில் மரக்கட்டையோ ரப்பரோ வைத்து, யூ போல்ட்டால் இறுக்குவார்கள். கட்டையின் அடியில் தேங்கும் ஈரம் பாடியைத் தூக்கும் வரை யார் கண்ணிலும் படாது.

துரு எங்கே, ஏன் பிடிக்கிறது

இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். உப்புநீர் மின்னோட்டத்தை எளிதாகக் கடத்துவதும், குளோரைடு இரும்பின் மேற்படலத்தை உடைப்பதும் அதற்குக் காரணங்கள். இதைவிட முக்கியமான ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். தூத்துக்குடியிலோ வேதாரண்யத்திலோ உப்பு ஏற்றிய லாரி மழையே படாமல் ஷெட்டில் நின்றாலும், இடுக்குகளில் தங்கிய உப்புத்தூள் இரவு முழுவதும் சேசிஸை ஈரமாக வைத்திருக்கும்.

உப்பு லாரிகளோடு இது முடிவதில்லை. ஐஸ் உருகி வடியும் மீன் வண்டி, பொட்டாஷ் உரம் ஏற்றும் வண்டி ஆகியவையும் இதே பிரிவைச் சேர்ந்தவை. பொட்டாஷ் என்பதே பொட்டாசியம் குளோரைடுதான். எந்தச் சரக்கு ஏற்றினாலும் பேட்டரி பெட்டிக்குப் பின்னால் உள்ள சட்டத்தைப் பார்க்க வேண்டும். அமிலம் கசிந்து அங்கே மட்டும் இரும்பு அரித்துப்போன வண்டிகள் உண்டு.

மேற்பரப்பில் படியும் செந்தூள் பெரிய ஆபத்தில்லை. ஆபத்து இரண்டு தகடுகள் ஒட்டிக்கொள்ளும் இடங்களில் இருக்கிறது: இரட்டைச் சட்டத்தின் நடுவே, பிராக்கெட்டின் பின்புறம், கிராஸ் மெம்பர் வந்து சேரும் மூலை. துரு தான் உருவான இரும்பைக் காட்டிலும் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். இடுக்கில் உருவாகும் துருவுக்கு விரிய இடமில்லாததால் அது தகடுகளையே பிளக்கத் தொடங்குகிறது. கீழ் மடிப்பின் விளிம்பில் கண்ணை வைத்து நீளவாக்கில் பார்த்தால், நேர்கோடாக இருக்க வேண்டிய விளிம்பு ரிவெட்டுக்கு ரிவெட் அலை அலையாகப் புடைத்திருக்கும்; புடைப்பின் நடுவே கரும்பழுப்பு நிறத்தில் ஏடு ஏடாகத் துரு தெரியும். அந்த நிலையில் ரிவெட்டுகளின் தலை இழுபட்டுப் பலவீனமாகியிருக்கும். வெளியே எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் உள்ளே இந்த வேலை நிற்காது.

இரண்டு மில்லிமீட்டர் போனால் என்ன ஆகும்

சுமை ஏறும்போது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட சட்டம் கீழ்நோக்கி வளைய முயல்கிறது. அப்போது மேல் மடிப்பு நசுங்கும், கீழ் மடிப்பு இழுபடும். பின் அச்சுக்குப் பின்னால் நீளும் பகுதியில் இது தலைகீழ்: அங்கே மேல் மடிப்புதான் இழுபடுகிறது. எந்த இடமானாலும் நடுச்சுவரின் மையத்தில் இழுப்பும் நசுக்கலும் ஏறக்குறைய இல்லை.

ஓர் அளவை எடுத்துக் கணக்குப் போட்டால் இதன் பொருள் விளங்கும். சட்டத்தின் உயரம் 250 மி.மீ., மடிப்பின் அகலம் 70 மி.மீ., தடிமன் 7 மி.மீ. என்று கொள்வோம்.

1. இரண்டு மடிப்புகளிலும் இருப்பது மொத்த இரும்பில் 37 சதவீதம்தான். வளைவைத் தடுக்கும் விறைப்பில் அவற்றின் பங்கோ 65 சதவீதம்.

2. நடுச்சுவரின் மையத்தில் 50 மி.மீ. விட்டமுள்ள ஓட்டை விழுந்தால், வளைவைத் தாங்கும் வலிமையில் குறைவது அரை சதவீதத்துக்கும் கீழே.

3. கீழ் மடிப்பின் விளிம்பிலிருந்து 20 மி.மீ. மட்டும் அரித்துப்போனால், வலிமை ஏறக்குறைய 15 சதவீதம் குறைகிறது. முந்தைய ஓட்டையைவிடக் குறைந்த இரும்புதான் இங்கே போயிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

4. ஓட்டை எதுவும் விழாமல் சட்டம் முழுவதும் சீராக 7 மி.மீ.யிலிருந்து 5 மி.மீ.க்குத் தேய்ந்தால், வலிமையில் ஏறக்குறைய 29 சதவீதம் போய்விடும். அதே சுமைக்கு இரும்புக்குள் ஏற்படும் தகைவு, அதாவது ஒவ்வொரு சதுர மி.மீ. இரும்பும் தாங்கும் விசை, 40 சதவீதம் உயரும். வெல்டிங் உள்ள இணைப்புகளின் ஆயுள், தகைவு உயரும் விகிதத்தின் மூன்றாம் அடுக்குக்கு (இங்கே 1.4 × 1.4 × 1.4) ஏற்பக் குறையும் என்பது பொறியாளர்கள் பொதுவாகக் கையாளும் கணக்கு. அதன்படி பார்த்தால் மிஞ்சும் ஆயுள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் ஓட்டை பெரும்பாலும் நடுச்சுவரில் இருக்கிறது. உண்மையான இழப்போ ஓட்டையே விழாத மடிப்பில் நடக்கிறது. நடுச்சுவர் ஓட்டையை அலட்சியம் செய்யலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. கமான் பிராக்கெட் அருகிலோ ஸ்டீயரிங் பெட்டி அருகிலோ விழும் ஓட்டையின் கணக்கு வேறு; அங்கே சுமை ஓரிடத்தில் குவிந்து இறங்குகிறது.

பழுது பார்க்கும் முன் அளக்க வேண்டும்

'சும்மா மேலாகத்தான் துரு' என்று பட்டறையில் சொல்லப்படும் தீர்ப்புகளில் பெரும்பாலானவை அளக்காமல் சொல்லப்பட்டவை. அளக்கும் முறை எளிது.

1. உயர் அழுத்த நீரில் கழுவி உலர்த்திய பின், துரு நீக்கும் சுத்தியலால் சட்டத்தை நெடுகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; உள்ளே ஏடு பிரிந்த இடம் மொத்தென்று கேட்கும், சில இடங்களில் சுத்தியலின் முனை உள்ளே இறங்கும்.

2. ஏடுகள் உதிர்ந்த பிறகு கம்பி பிரஷ்ஷால் பளபளப்பான இரும்பு தெரியும் வரை தேய்த்து, அல்ட்ராசானிக் தடிமன் அளவியால் மேல் மடிப்பு, நடுச்சுவர், கீழ் மடிப்பு மூன்றிலும் அளக்க வேண்டும். துருவின் மேல் வைத்து எடுத்த அளவுக்கு மதிப்பில்லை.

3. அதே சட்டத்தில் துருப்பிடிக்காத இடத்தின் தடிமனோடு ஒப்பிட வேண்டும்.

4. கமான் பிராக்கெட்டுகளின் மூலை, ரிவெட் ஓட்டைகளின் சுற்று, பழைய வெல்டிங்கின் முனை ஆகியவற்றில் விரிசல் இருக்கிறதா என்பதைச் சாயம் பூசித் துடைத்துப் பார்க்கும் சோதனையால் உறுதிப்படுத்த வேண்டும். துருக் குழியின் அடியில் தொடங்கும் மயிரிழை விரிசல் வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

எத்தனை சதவீதம் தேய்ந்தால் சட்டம் பயனற்றது என்பதை வண்டி நிறுவனத்தின் பழுதுநீக்கக் கையேட்டிலிருந்தே எடுக்க வேண்டும். அனுபவ மதிப்பீட்டை அதற்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது.

என்ன வகைப் பழுதுநீக்கம் ஏற்கத்தக்கது

மிகப் பரவலாகச் செய்யப்படுவதும் மிக மோசமானதும் ஒன்றே: துருவின் மேலேயே ஒரு தகட்டை வைத்துச் சுற்றிலும் வெல்டிங் அடிப்பது. பற்றவைக்கும் விளிம்பில் நல்ல இரும்பு இல்லாததால் வெல்டிங் பிடிப்பதில்லை. தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் மேலே விவரித்த அதே இடுக்கு புதிதாக உருவாகிறது. தகடு முடியும் இடத்தில் விறைப்பு திடீரென்று மாறுவதால் அடுத்த விரிசல் அந்தக் கோட்டிலேயே பிறக்கிறது. பட்டறைக்கு மீண்டும் வரும் வண்டிகளில் விரிசல் பழைய தகட்டின் ஓரத்தையே பின்பற்றிச் சென்றிருப்பதைப் பார்க்கலாம்.

சேசிஸ் இரும்பு சாதாரணக் கட்டட இரும்பு அல்ல, உயர் இழுவலிமை கொண்டது. சில வகைகள் சூட்டுப் பதப்படுத்தப்பட்டவை. அவற்றில் வெல்டிங் சூடு பட்ட பட்டை பதம் இழந்து மென்மையாகிவிடும். ஆகவே வெல்டிங் அனுமதிக்கப்பட்ட சேசிஸா என்பதை நிறுவனக் கையேட்டில் பார்ப்பதே முதல் வேலை. அனுமதி இருந்தால் பின்வரும் ஒழுங்கு தேவை.

1. துருப்பிடித்த பகுதியை நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுத்துவிட வேண்டும். விரிசல் மட்டும் என்றால், அதன் முனைக்கு அப்பால் சிறு துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்திய பிறகு, விரிசலை 'வி' வடிவில் பள்ளம் பறித்து முழு ஆழத்துக்கு நிரப்ப வேண்டும்.

2. புதிய துண்டு அதே தரமும் அதே தடிமனும் உள்ள இரும்பாக இருக்க வேண்டும். காயலான் கடையில் கிடைத்த வேறொரு வண்டியின் சட்டத்துண்டு எந்தத் தரம் என்று யாருக்கும் தெரியாது. தடிமனாகப் போட்டால் பலம் என்ற எண்ணமும் தவறு. அளவு மீறிய விறைப்பு சுமையைப் பக்கத்து இரும்பின் மேல் தள்ளிவிடும்.

3. பழுதுபார்த்த இடத்துக்கு வலுவூட்டப் பொருத்தும் தகட்டின் இரு முனைகளையும் செங்குத்தாக வெட்டி நிறுத்தாமல் சாய்வாக வெட்ட வேண்டும். பழுதான இடத்தைத் தாண்டி இருபுறமும் தகடு நீள வேண்டும். முடியும் இடம் கமான் பிராக்கெட்டுக்கோ கிராஸ் மெம்பருக்கோ நேராக வரக் கூடாது.

4. மடிப்புகளில் துளை போடக் கூடாது. மடிப்பின் விளிம்பு நெடுக வெல்டிங் அடிக்கவும் கூடாது. தகட்டைப் பிடிக்க நடுச்சுவரில், கூடுமானவரை ஏற்கெனவே உள்ள துளைகளில், உயர்தர போல்ட் போடுவதே ஏற்றது.

5. வண்டியைக் காலியாக்கிச் சட்டம் இயல்பான நிலையில் நேராக நிற்கும்படி தாங்கு கொடுத்து, மூலைவிட்ட அளவுகளைச் சரிபார்த்த பிறகே பற்றவைக்க வேண்டும். தொய்ந்த நிலையில் அடித்த வெல்டிங் அந்தத் தொய்வை நிரந்தரமாக்கிவிடும். பின் அச்சு கோணலாகி டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

6. பேட்டரி இணைப்பையும் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினியின் இணைப்பையும் கழற்றிவிட்டு, எர்த் கவ்வியை வெல்டிங் நடக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்ட வேண்டும். சட்டத்தின் உட்புறம் ஓடும் ஏர் பிரேக் நைலான் குழாய்களையும் ஒயர்களையும் விலக்கிவைக்காமல் பற்றவைத்த வண்டி, சேசிஸ் சரியாகிப் பிரேக் கெட்ட வண்டியாகத் திரும்பிவரும்.

இரட்டைச் சட்டத்தின் நடுவே துரு புடைத்திருந்தால் மேற்சொன்ன எதுவும் பயன்தராது. ரிவெட்டுகளை வெட்டி, உட்சட்டத்தை வெளியே எடுத்து, இரு முகங்களையும் மணல் வீச்சால் சுத்தம் செய்து, தேய்மானத்தை அளந்து, துத்தநாகம் மிகுந்த பிரைமர் பூசி, தேவையானால் உட்சட்டத்தைப் புதிதாக மாற்றிப் பூட்ட வேண்டும். செலவு அதிகம்தான். செலவைத் தவிர்க்க வெளியிலிருந்து இறுக்கி வெல்டிங் அடிப்பவர்கள், துருவை உள்ளே பூட்டிவைக்கக் கூலி வாங்குகிறார்கள்.

துருவை மாற்றும் ரசாயனங்களைப் பொறுத்தவரை, அவை மெல்லிய, ஒட்டிய துருவை நிலைப்படுத்தும். போன தடிமனைத் திருப்பித் தரா. துருவின் மேல் பூசும் தார்ப்பூச்சு ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும்.

எஃப்.சி. பற்றி மோட்டார் வாகனச் சட்டம் என்ன சொல்கிறது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 56-ஆம் பிரிவின்படி, செல்லுபடியாகும் தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வாகனம் முறையாகப் பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படாது. சரக்கு லாரி அந்த வகையில் அடங்கும். சான்றின் காலம் மத்திய மோட்டார் வாகன விதி 62-இல் இருக்கிறது: 8 ஆண்டுகள் வரையிலான வண்டிக்கு 2 ஆண்டுகள், அதற்கு மேற்பட்ட வண்டிக்கு ஓராண்டு. ஆனால் சான்று பெற்றுவிட்டோம் என்பதால் அந்தக் காலம் முழுவதும் பாதுகாப்பு இல்லை. வண்டி மோட்டார் வாகனச் சட்டத்தின் தேவைகளுக்கு ஏற்ப இல்லை என்று கண்டால், காரணத்தை எழுத்தில் பதிந்து, உரிமையாளருக்கு விளக்கமளிக்க வாய்ப்புக் கொடுத்துச் சான்றை இடையிலேயே ரத்து செய்ய அதே பிரிவு வழிசெய்கிறது.

சேசிஸ் வேலையில் கவனிக்க வேண்டிய இன்னொரு பிரிவு 52. வாகனத்தின் பதிவு விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படியான மாற்றங்களை அது தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் இந்தப் பிரிவை விளக்கி, தயாரிப்பாளரின் வரையறைக்கு மாறாக வாகனத்தின் கட்டமைப்பை மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது. அரித்த இடத்தை அதே அளவில் சரிசெய்வது பழுதுநீக்கம்; சேசிஸ் சட்டத்தை நீட்டுவதும், அச்சு இடைவெளியை மாற்றுவதும், வேறொரு வண்டியின் சேசிஸைப் பூட்டுவதும் மாற்றம். பிந்தையவற்றைப் பதிவு அதிகாரியின் அனுமதி இல்லாமல் செய்தால், வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பயனில்லை.

நடைமுறையில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது சேசிஸ் எண்ணில். எண் பெரும்பாலும் முன்சக்கரத்தை ஒட்டிய நெடுக்குச் சட்டத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். சேறும் நீரும் அடிக்கும் இடம் அது. எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் உரசி அச்செடுக்கும்போது ஓர் இலக்கம் மங்கியிருந்தால், அது துருவா அல்லது யாரோ அழித்ததா என்ற சந்தேகம் எழும். அந்த இடத்தில் கிரைண்டர் வைக்கக் கூடாது, தகடு போடக் கூடாது, தானாக எண்ணை மறுபடி பொறிக்கவும் கூடாது. கிரீஸ் தடவிப் பாதுகாப்பதும், மங்கத் தொடங்கினால் எழுத்து மூலம் பதிவு அதிகாரியிடம் தெரிவிப்பதுமே வழி.

சோதனை நாளில் சேசிஸ் பிடிபடுகிற வாய்ப்பு, குழிக்குள் நின்று சக்கரத்தை ஆட்டிப் பார்க்கும் கட்டத்தில் அதிகம். கமான் பிராக்கெட் அசைவதும் ரிவெட் தளர்ந்திருப்பதும் அப்போது தெரியும். எஃப்.சி.க்கு முதல் நாள் அடித்த கருப்பு பெயின்ட் எதையும் காப்பாற்றுவதில்லை. தளர்ந்த ரிவெட்டைச் சுற்றி அந்தப் பெயின்ட் வெடித்து, தளர்வை இன்னும் தெளிவாகக் காட்டிவிடும்.

வேறு நாடுகளில் அளவுகோல்

பிரிட்டனில் கார்களுக்கும் சிறு வேன்களுக்குமான எம்.ஓ.டி. எனப்படும் தகுதிச் சோதனையில், சீட் பெல்ட், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பிரேக் ஆகியவை பொருத்தப்பட்ட இடத்திலிருந்து 30 செ.மீ. தூரத்துக்குள் கடுமையான அரிப்பு இருந்தால் வண்டி தோற்கும். அங்கே வைக்கும் தகட்டைச் சுற்றி வெல்டிங் இடைவெளியின்றி ஓட வேண்டும். அமெரிக்காவில் வணிக லாரிகளுக்கான கூட்டாட்சி விதி 393.201, சேசிஸ் சட்டம் விரிசலோ தொய்வோ இன்றி இருக்க வேண்டும் என்பதோடு, எந்த வெல்டிங் பழுதுநீக்கமும் தயாரிப்பாளரின் பரிந்துரைப்படியே இருக்க வேண்டும் என்கிறது. பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் அந்நாட்டில் டொயோட்டாவின் பிக்கப் வண்டிகள் சேசிஸ் அரித்துப்போனதால் வழக்கு எழுந்தது. 2016-இல் எட்டிய உடன்பாடு சுமார் 15 லட்சம் வண்டிகளுக்குப் பொருந்தியது. அதில் சேசிஸை முழுதாக மாற்றித் தருவதற்கான எல்லை, 10 மி.மீ. அல்லது அதைவிடப் பெரிய துரு ஓட்டை. அத்தகைய சட்டத்துக்கு நிறுவனம் தந்த தீர்வு தகடு அல்ல, புதிய சேசிஸ் என்பது கவனிக்கத்தக்கது.

பழைய வண்டி வாங்குபவருக்கு

புதிய எஃப்.சி.யுடன் விற்பனைக்கு வரும் பழைய லாரியில், சான்றின் தேதியையும் சேசிஸ் பெயின்ட்டின் வயதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே வாரத்தைச் சேர்ந்தவையாக இருந்தால், பேட்டரி பெட்டியின் பின்புறம், பின் கமானின் முன் பிராக்கெட், இரட்டைச் சட்டத்தின் கீழ் விளிம்பு ஆகிய மூன்று இடங்களிலாவது பெயின்ட்டைச் சுரண்டித் தடிமனை அளக்க விற்பவர் சம்மதிக்க வேண்டும். பாடியின் அடிக்கட்டையை ஓரிடத்தில் தளர்த்தி மேல் மடிப்பைப் பார்க்கவும் கேட்கலாம். மறுப்பவரிடம் விலை பேசுவதில் பொருள் இல்லை. அந்த வண்டியின் எஃப்.சி. காலாவதியாகும்போது, புதிய கட்டணத்தோடு சேசிஸ் சட்டத்தை மாற்றும் செலவும் வாங்கியவர் தலையில்தான் விழும்.